மணியடித்தால் சோறு முடிந்த பிறகு: இல்லத்துப் பிள்ளைகளைப் பதினெட்டுக்குத் தயார்செய்வது எப்படி

காலை ஐந்தரைக்கு எழுப்பும் மணி, ஏழரைக்குச் சாப்பாட்டு மணி, மாலை ஆறுக்குப் படிப்பு மணி, இரவு ஒன்பதுக்கு விளக்கணைக்கும் மணி. குழந்தைகள் இல்லத்தில் எட்டு, பத்து வருடம் வளர்ந்த பிள்ளையின் உடம்பு இந்த மணிக்கே பழகியிருக்கும். பதினெட்டு முடிந்து வெளியே போனால் மணி கிடையாது. சோப்பு என்பது தீர்ந்துபோகிற பொருள் என்பதே அப்போதுதான் பலருக்கு உறைக்கிறது. அதுவரை அது ஸ்டோர் ரூமிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது.

தமிழ்நாட்டில் இல்லங்களை நடத்துகிறவர்கள், வார்டன்கள், கேஸ் ஒர்க்கர்கள், வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையை வைத்திருக்கும் குடும்பங்கள், சனி ஞாயிறுகளில் பாடம் சொல்லித்தர வரும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை செய்யவேண்டிய தவறுகளை இல்லத்துக்குள் இருக்கும்போதே செய்து முடிக்க விடுங்கள். உள்ளே தொலைத்த 50 ரூபாய் ஒரு பாடம். வெளியே தொலைத்த 5,000 ரூபாய் அந்த மாத வாடகை.

சட்டம் என்ன தருகிறது

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 46-ஆவது பிரிவில், 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிறவருக்கு நிதியுதவி தரலாம் என்கிறது. ‘தரலாம்’ என்பதைக் கவனியுங்கள். தானாக வந்து கையில் விழும் உரிமை அல்ல, கேட்டு வாங்க வேண்டியது. இதைத்தான் துறை வட்டாரத்தில் பிற்காப்பு என்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் 25-ஆவது விதி இதை விரித்துச் சொல்கிறது: 21 வயது வரை, தனிக்காரணம் இருந்தால் மேலும் இரண்டு ஆண்டு, குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ படிவம் 37-இல் உத்தரவு போட வேண்டும், பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கான தொகை மாதம் 4,000 ரூபாய்.

பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியேறும் திட்டத்தைக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இரண்டு மாதம் என்பது கடைசித் தேதி. அதைத் தொடக்கத் தேதியாக எடுத்துக்கொண்டு 17 வயது 10 மாதத்தில் பிள்ளையைக் கூப்பிட்டு ‘அடுத்து என்ன பண்ணப் போறே?’ என்று கேட்டால், பயந்துபோன பிள்ளை எதையாவது சொல்லும். அதை ஐ.சி.பி.யில் (ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில்) எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது திட்டம் ஆகாது. உத்தரவு வந்து, கணக்கு சரிபார்க்கப்பட்டு, முதல் தவணை விழ மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு அந்த 4,000 வராது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இல்லத்தில் இல்லாமல் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு சிக்கல் உண்டு. 46-ஆவது பிரிவு இல்லத்திலிருந்து வெளியேறுகிறவர்களைத்தான் பெயர் சொல்லிப் பேசுகிறது. எனவே குடும்பங்கள் 17 வயதிலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் பிற்காப்பு பற்றி எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மற்றபடி கீழே வருவதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

தொடங்கும் வயது 15. அப்போது பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும். அது தற்செயலான பொருத்தம்தான், ஆனால் வசதியான பொருத்தம்.

காகிதங்கள்

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிப்பார்கள். பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் அதில் போகும். அது அப்படியே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகி வாழ்நாள் முழுக்க நிற்கும். அந்த வாரம் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் பட்டியலைக் கேட்டு, கையில் ஆதாரை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அதைவிட்டால் பிறகு கெசட்டில் பெயர் மாற்றம், நோட்டரி என்று அலைய வேண்டிவரும்.

இனிஷியல் நம் ஊருக்கே உரிய தலைவலி. பள்ளியில் ‘கார்த்திக் எம்’, ஆதாரில் வெறும் ‘கார்த்திக்’, வங்கியில் ‘எம் கார்த்திக்’ என்று மூன்று பேர் இருப்பார்கள். பான் கார்டு விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்பா பெயர் தெரிந்த பிள்ளைக்குச் சிக்கல் இல்லை. தெரியாத பிள்ளைக்கு, சேர்க்கைப் பதிவேட்டில் யாரோ ஒருவர் போட்ட எழுத்துக்கு விரிவு என்ன? இதை 18 வயதில் இ-சேவை மையத்துக் கவுண்டரில் நின்றுகொண்டு முடிவுசெய்யக் கூடாது. 15 வயதில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, எந்தப் பெயரில் வாழ விரும்புகிறாய் என்று கேட்டு, பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு முன் எல்லா இடத்திலும் ஒன்றாக்குங்கள்.

பிறந்த தேதியும் அப்படித்தான். பிறப்புச் சான்று இல்லாமல் வந்த பிள்ளைக்குக் குழுவின் உத்தரவில் ஒரு வயது குறித்திருப்பார்கள், பள்ளியில் வேறு தேதி கொடுத்துச் சேர்த்திருப்பார்கள். வயதை நிர்ணயிக்கும்போது முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு வரிசை வைத்திருக்கிறது. பள்ளித் தேதியை மையமாக வைத்து மற்றதைத் திருத்துவதே சுலபம். பிள்ளை எந்த நாளில் 18-ஐத் தொடுகிறது என்பதும் இந்தத் தேதியைப் பொறுத்ததுதான். பிளஸ் டூ தேர்வுக்கு நடுவில் 18 முடிகிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் பட்டியலைத் தனியே எடுத்து, முந்தைய ஆண்டே குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஆதாரில் 15 வயதுக்குப் பிறகு கைரேகை, கருவிழியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. ஐந்து வயதில் எடுத்த ரேகையோடு 18 வயதில் சிம் வாங்கப் போனால் மிஷின் ஏற்காது. கடைக்காரர் கையை விரிப்பார்.

சாதிச் சான்று. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பதிவு இருப்பது இல்லம் நடத்துகிற பலருக்கே தெரியாது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு ஆளில்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு அது பொருந்தும். ஆனால் அவசரப்பட வேண்டாம். பிள்ளையின் குடும்பம் பட்டியல் சாதி அல்லது பழங்குடியாக இருக்க வாய்ப்பு உண்டென்றால், அண்ணன் அக்காவின் பழைய சான்றையோ அம்மாவின் பள்ளிச் சான்றையோ முதலில் தேடுங்கள். அந்தச் சான்று கொண்டுவரும் உதவித்தொகையும் இடஒதுக்கீடும் வேறு. எப்படியானாலும் பிளஸ் ஒன் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கியபின் தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பள்ளிப் படிப்புச் சான்றுகள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிப் பிள்ளைகளும் உண்டு. 7.5 சதவீதத்தில் அவர்கள் இல்லை. ஆகவே 6-ஆம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பது 18 வயதைத் தீர்மானிக்கிற முடிவு. இல்லத்துப் பிள்ளைகள் மூன்று மாவட்டம், நான்கு பள்ளி என்று மாறியிருப்பார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்த வழியில் படித்தது என்று சான்று வாங்க வேண்டும். அதை மாறும்போதே வாங்கி ஃபைலில் போட்டால் ஒரு வேலை. ஏழு வருடம் கழித்து 300 கிலோமீட்டர் போய்க் கேட்டால் ஒரு போராட்டம்.

மூலச் சான்றிதழ்களை எங்கும் ஒப்படைக்க வேண்டாம் என்று பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். வேலை தருகிறவர் ‘ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போப்பா’ என்றால், நகலில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஒரிஜினலைக் காட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பிறந்தநாள் வாரத்து வரிசை

18 முடிந்த வாரத்தில் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. மாற்றினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

முதலில் சிம். 18-க்குக் கீழே சொந்தப் பெயரில் சிம் வாங்க முடியாது. அதனால் அதுவரை பிள்ளையின் எல்லாக் காகிதத்திலும் வார்டன் நம்பரோ அலுவலக நம்பரோ இருக்கும். ஒரே நம்பரில் முப்பது பிள்ளைகளின் ஆதார் இருப்பதும் உண்டு. அந்த வார்டன் வேலையை விட்டுப் போன அன்று முப்பது பேரின் ஓடிபியும் போய்விடும்.

அடுத்து, ஆதார் மையத்துக்கு நேரில் போய்ப் புது நம்பரைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது வங்கி. இல்லத்துக் காப்பாளர் பெயரோடு இருந்த மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றாவிட்டால் பணம் வரும், எடுக்க முடியாது. புதுப் புகைப்படம், புதுக் கையெழுத்து, கேஒய்சி, புது நம்பர் எல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். கையெழுத்தை வீட்டிலேயே இருபது முறை போட்டுப் பழகிவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி போட்டால் பின்னால் செக்கும் படிவமும் திரும்பி வரும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதையும் சொல்லுங்கள். நான்காவது பான். ஆதாரில் சொந்த நம்பர் ஏறியபின் வருமான வரித் துறையின் தளத்தில் இ-பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்தாவது டிஜிலாக்கர், கடைசியாக வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6.

முகவரி என்ன போடுவது? வெளியே நிலையாக ஓரிடத்தில் தங்கும்வரை இல்லத்து முகவரியை மாற்ற வேண்டாம். ஆனால் ஏடிஎம் கார்டும் தபாலும் இல்லத்துக்கே வரும் என்பதால், குறைந்தது இரண்டு ஆண்டு அவற்றை வாங்கி வைத்துச் சொல்லியனுப்ப ஒரு ஆளை இல்லம் நியமிக்க வேண்டும். ‘அந்தப் பையன் இங்க இல்லீங்க’ என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடும் வாட்ச்மேனால் எத்தனையோ ஏடிஎம் கார்டுகள் வந்த வழியே போகின்றன.

காசு பழக்குவது

15 வயதில் வாரம் 50 ரூபாய் கொடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள். 16 வயதில் சோப்பு, எண்ணெய், பேஸ்ட், நாப்கின், ஷாம்பு பாக்கெட்டை ஸ்டோரிலிருந்து தருவதை நிறுத்திவிட்டு அதற்கான தொகையை, உதாரணமாக மாதம் 300 ரூபாயை, ஒன்றாம் தேதி கையில் கொடுங்கள். முதல் மாதம் பத்தாம் தேதிக்குள் தீர்த்துவிட்டு வந்து நிற்பார்கள். அப்போது மறுபடி கொடுத்தால் பயிற்சி அங்கேயே முடிந்தது. மீதி இருபது நாளும், கூடப்பிறந்தவர் மாதிரிப் பழகிய தோழியிடம் சோப்பு கடன் வாங்கிக் குளிக்கட்டும். கடன் வாங்குவதும் திருப்புவதும்கூடப் பாடம்தான்.

17 வயதில் சமையல். அறுபது பேருக்குச் சாம்பார் வைக்கும் வேலையில் கைகொடுத்து வளர்ந்த பெண்ணுக்கு ஒருவருக்கு வைக்கத் தெரியாது. கை அளவே வேறு. ஒருவருக்கு ஒருவேளைக்கு அரிசி 100 கிராமிலிருந்து 125 கிராம், கிட்டத்தட்ட ஒரு சின்ன டம்ளர். புழுங்கல் பொன்னிக்குக் குக்கரில் ஒன்றுக்கு மூன்று தண்ணீர். துவரம்பருப்பு ஒரு கைப்பிடி, 40 கிராம். இதை அளந்து, ஒரு சின்னக் குக்கரில், தனியாக, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யவிடுங்கள். காய்கறிக் கடைக்குத் தனியே அனுப்பி, கால் கிலோ தக்காளி கேட்க விடுங்கள். ‘கால் கிலோவா?’ என்று கடைக்காரர் பார்க்கிற பார்வையைத் தாங்கிப் பழக வேண்டும். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டிப் பெட்ரோல் பங்குகளில் வாங்கலாம். தனியறை எடுப்பவர்களுக்கு அது போதும்.

இனி, பெரும்பாலோர் விழும் இடம். வேலையில் சேர்ந்த நாளுக்கும் முதல் முழுச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி. ஒரு பையன் ஜூன் 10-ஆம் தேதி சேர்கிறான் என்று வையுங்கள். சம்பளம் 13,500 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம் 1,200 ரூபாய் பிடிப்பார்கள். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 102 ரூபாய். கைக்கு வருவது 12,198. சம்பளத் தேதி அடுத்த மாதம் 7. அன்றைக்கு வருவது 21 நாள் சம்பளம்தான், ஏறக்குறைய 8,500. முழுச் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பது ஆகஸ்ட் 7.

அந்த ஜூலை 7 வரை தாங்க என்ன வேண்டும்? நான்கு பேர் சேர்ந்த அறையில் தன் பங்கு அட்வான்ஸ் 6,000, வாடகை 3,000. சாப்பாடு காலை 30, மதியம் 50, இரவு 40 என்று நாளுக்கு 120, 28 நாளுக்கு 3,360. பஸ் 1,000. ரீசார்ஜ் 350. சோப்பு வகையறா 400. பாய், போர்வை, வாளி, மக், பூட்டு, பிளேட்டு, டம்ளர் 1,500. மொத்தம் 15,610. ஊருக்கு ஊர் இது மாறும், ஆனால் கையில் 16,000 ரூபாய் இல்லாமல் வேலைக்கு அனுப்பினால் அந்தப் பிள்ளை இரண்டாவது வாரம் மேஸ்திரியிடமோ கடன் ஆப்பிடமோ போய் நிற்கும். ஊரார் ‘ஹோம் பசங்களுக்குப் பொறுப்பில்லை, பத்து நாள்ல ஓடி வந்துட்டான்’ என்று பேசுவது பெரும்பாலும் இந்த 16,000-ஐத்தான். நன்கொடையாளர்கள் பிறந்தநாளுக்குப் பிரியாணி போட வரும்போது, அதில் பாதியை இந்த முதல்மாத நிதிக்குக் கேளுங்கள்.

கடன் ஆப் பற்றி ஒரு மணி நேரமாவது தனியாகப் பேச வேண்டும். 5,000 என்று சொல்லி 3,500 போட்டு, வாரக் கடைசியில் 5,500 கேட்டு, போனில் உள்ள நம்பர்களுக்கெல்லாம் மார்ஃபிங் செய்த படம் அனுப்புவார்கள். ‘உன் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாசம் 3,000 தரேன்’ என்று கேட்பது இப்போது இன்னும் பரவலாக இருக்கிறது. அந்தக் கணக்கில் யாரோ ஏமாந்தவரின் பணம் வந்து போகும். போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். இணையப் பணமோசடிக்கான உதவி எண் 1930 என்பதைப் போனில் பதிந்து கொடுங்கள்.

படிப்பும் வேலையும்

பெண் என்றால் தையல், அழகுக்கலை. பையன் என்றால் டிரைவிங், ஏசி மெக்கானிக். இல்லத்துக்கு எந்த மிஷின் நன்கொடையாக வந்ததோ அதுவே பிள்ளையின் எதிர்காலமாகிவிடுகிறது. இதை நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் மூன்று இடங்களுக்கு, இடத்துக்கு மூன்று நாள், சும்மா உட்கார்ந்து பார்க்க அனுப்புங்கள். ஒரு லேப், ஒரு பட்டறை, ஒரு ஜவுளிக்கடை. எது பிடிக்கவில்லை என்பது தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியதுதான்.

அரசு ஐடிஐயைக் குறைத்து எண்ண வேண்டாம். பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு, வெல்டர் ஒரு ஆண்டு. வெல்டருக்கு எட்டாம் வகுப்பே போதும். பட்டப்படிப்பென்றால் அரசு கலைக்கல்லூரி. தொழிற்கல்வி என்றால் முதல் பட்டதாரி சான்று மறக்க வேண்டாம். நர்சிங் என்ற பெயரில் தனியார் நடத்தும் ஓராண்டு டிப்ளமோக்களில் மட்டும் எச்சரிக்கை. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் ஏற்பு இல்லாத படிப்புக்கு நன்கொடையாளர் பணம் கட்டினால், பணமும் போகும், பிள்ளையின் ஒரு வருடமும் போகும்.

பெண் பிள்ளைகளைத் தேடி மில் ஏஜெண்டுகள் வருவார்கள். தங்குமிடம், சாப்பாடு, மூன்று வருடம் முடிந்தால் மொத்தத் தொகை என்பார்கள். மாதச் சம்பளம் பிள்ளையின் சொந்தக் கணக்கில் விழாத, வாரத்தில் ஒருநாள் வெளியே விடாத, போனை வாங்கி வைத்துக்கொள்கிற எந்த வேலையும் வேண்டாம். இரண்டே கால் வருடத்தில் உடம்பு முடியாமல் வெளியே வந்தால் மொத்தத் தொகை கிடையாது என்பார்கள். கணக்கே அதற்காகப் போடப்பட்டதுதான்.

கல்யாணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 18 முடிந்த பெண்ணுக்கு நல்ல மனதோடு மாப்பிள்ளை பார்த்து முடித்துவைக்கிற இல்லங்கள் இருக்கின்றன. பிற்காப்புக்கு அது மாற்று இல்லை. திரும்பி வரப் பிறந்தகம் இல்லாத பெண்ணிடம் கையில் படிப்பும் கணக்கில் பணமும் இருந்த பிறகு கல்யாணம் பேசலாம்.

தங்குமிடம்

பிற்காப்பில் ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழு வீடுகளுக்கு விதியில் இடமுண்டு. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதல் ஆண்டுக்கு அதைவிட நல்லது இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் உண்டு. படிப்பவர்களுக்குக் கல்லூரி விடுதி அல்லது அரசு நல விடுதி.

வாடகை வீடென்றால் கேள்விகள் வரும். இதை நாடகம் போல நடித்துப் பழக்குங்கள். வார்டனோ தன்னார்வலரோ வீட்டுக்கார அம்மாவாக உட்காரட்டும்.

‘தம்பி, சொந்த ஊரு எது? அப்பா என்ன பண்றாரு?’

‘அப்பா இல்லீங்கம்மா. ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சேன். இங்க கம்பெனியில வேலை. இது ஐடி கார்டு. எதுன்னாலும் இந்த நம்பர்ல எங்க சார்கிட்ட பேசலாம்மா.’

பொய் இல்லை, முழுக் கதையும் இல்லை. தன் கதையில் எதை, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது பிள்ளையின் உரிமை. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆள் நீங்கள்தான். போன் வந்தால் எடுத்து ‘ஆமாம்மா, நல்ல பையன், நாங்க இருக்கோம்’ என்று சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது அல்லது ஜிபே பதிவு. ரொக்கமாகக் கொடுத்து வாயால் பேசி முடித்தது காலி செய்யும்போது திரும்பாது.

சொத்தும் சொந்தமும்

இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் யாருமற்றவர்கள் அல்லர். பலருக்கு அம்மாவோ பாட்டியோ மாமாவோ இருக்கிறார்கள். வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத மாமா 18-ஆவது பிறந்தநாளுக்குக் கேக்கோடு வந்தால், பிள்ளையின் பெயரில் ஏதாவது முதிர்வடைகிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் அசிங்கம்தான், ஆனால் தேவை. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு போட்டது, 18 முடிந்ததும் வட்டியோடு வரும். பிஎம் கேர்ஸ் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 18 முதல் 23 வரை மாத உதவித்தொகை, 23-இல் 10 லட்சம். நீதிமன்றம் வழியாக வந்த இழப்பீடும் சிலருக்கு வைப்பில் இருக்கும். இந்தப் பத்திரங்களின் பட்டியல் பிள்ளைக்கு 16 வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். கைக்கு வந்தால் முதல் ஆறு மாதம் பைக், போன், யாருக்கும் கைமாற்று எதுவும் வேண்டாம், ஓராண்டு வைப்பில் போட்டுவிட்டு யோசி என்று சொல்லுங்கள்.

ஊரில் நிலம் இருந்ததா என்றும் கேளுங்கள். மைனராக இருந்தபோது காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி விற்ற நிலத்தைப் பிள்ளை எதிர்க்கலாம். வழக்குப் போட மேஜரானதிலிருந்து மூன்று ஆண்டுதான் காலம், அதாவது 21 வரை. பெற்றோரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல் ஆகியவற்றை இல்லத்தில் இருக்கும்போதே தேடிவிட்டால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். எண் 15100.

போன பிறகு

18 வரை எதற்கும் குழந்தைகள் உதவி எண் 1098 என்று சொல்லி வளர்த்திருப்பீர்கள். 18 முடிந்தபின் அது அவர்களுக்கான எண் இல்லை. பெண்களுக்கு 181, மனம் தாளாதபோது டெலிமனாஸ் 14416. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அழத் தோன்றும் பிள்ளை உதவி எண்ணைத் தேடாது, தெரிந்த குரலைத்தான் தேடும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆள், பெயர் குறித்து. வார்டன் மாறிப்போவார் என்பதால் வெளியாளாக இருந்தால் நல்லது: பழைய டீச்சர், மூத்த மாணவர், தன்னார்வலர் அக்கா. முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அவரே கூப்பிட வேண்டும். ‘ஏதாவதுன்னா போன் பண்ணு’ என்று சொல்லிவிட்டால் பிள்ளை பண்ணாது, தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றே வளர்ந்த பிள்ளை அது. ‘எப்படி இருக்கே’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வரும். ‘நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே? சம்பளம் வந்துச்சா? எவ்ளோ மிச்சம்?’ என்று கேளுங்கள்.

இன்னொன்று காலண்டரில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செமஸ்டர் லீவுக்கும் கல்லூரி விடுதி மெஸ்ஸை மூடுவார்கள், அறைத் தோழர்கள் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். அந்த நான்கு நாள் இந்தப் பிள்ளை எங்கே போகும்? இல்லத்தில் 18-க்கு மேற்பட்டவரைச் சிறுவர்களோடு தங்கவைக்க முடியாது. ஆண்டின் தொடக்கத்திலேயே விடுமுறைத் தேதிகளை வாங்கி, எந்தத் தேதிக்கு யார் வீடு என்று எழுதி, அந்த வீட்டாரிடம் பேசி முடித்து, பிள்ளையிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் கூப்பிட்டு ‘வர்றியாப்பா’ என்று கேட்டால், வேலை இருக்குன்னு சொல்லிவிடும்.